மூன்றாவது காயில்

புனித அந்தோனியார் திருநாளுக்கு மறுநாள் காலை, தலை நிறைய ஷாம்பு நுரையோடு நான் நின்றுகொண்டிருந்தபோது, குளியலறை ஷவர் செத்துப்போனது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. தலைக்கு மேலே லேசாக ஒரு ‘டக்’. அதற்குப் பிறகு பார்பசேனாவின் ஜூன் மாதத் தண்ணீர் அப்படியே என் உச்சந்தலையில் இறங்கியது. எங்கள் மலையூரில் ஜூன் என்றால் நடுக் குளிர்காலம், பல் கிட்டிப்போகிற குளிர். வாய்க்கு வந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் சொன்னேன். கேட்க ஆள் இல்லை என்பதால் இன்னும் இரண்டு சேர்த்துச் சொன்னேன்.

அந்தோனியார் கல்யாணம் கூட்டி வைக்கிறவர் என்று ஊரே நம்புகிறது. முந்தின நாள் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் அவர் பெயரைச் சொல்லி முந்நூறு பிள்ளைகளுக்கு வெள்ளைச் சோளப் பாயசம் கிண்டியவள் நான். அதற்கு அவர் காட்டிய நன்றி இது.

ஷவர் தலைக்குள் தண்ணீரைச் சூடாக்குகிற காயில் கருகிவிட்டது. எங்கள் வீடுகளில் வருஷத்துக்கு ஒருமுறையாவது நடக்கிற சங்கதிதான். பிளாஸ்டிக் தலையைத் திருகிக் கழற்றி, கருகினதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். தெரிந்தவர்களுக்குப் பத்து நிமிட வேலை. எனக்குத் தெரியாது. இருபத்தேழு வருஷமாக அதைச் செய்தவன் என் புருஷன் ஜுராந்திர். அவன் போன செப்டம்பரில், ஐவோனெத் என்கிற அழகு நிலையக்காரியோடு நான்கு தெரு தள்ளிக் குடிபோய்விட்டான்.

வேறு ஊருக்குப் போயிருந்தாலாவது சௌகரியமாக இருந்திருக்கும். நான்கு தெரு என்றால், கூப்பிட்டால் கால் மணி நேரத்தில் கருவிப் பையோடு வந்து நிற்பான். அதுதான் வம்பு. வருவான், முக்காலியில் ஏறுவான், சரிசெய்வான். ‘பாவம், நானில்லாமல் இவளுக்கு ஒரு காயில்கூட மாற்றத் தெரியவில்லை’ என்கிற முகத்தோடு இறங்கிப் போவான். அந்த முகத்தைப் பார்ப்பதைவிடப் பச்சைத்தண்ணீரில் குளித்துக் காய்ச்சல் வந்து படுக்கலாம். அவனைக் கூப்பிடுவதில்லை என்று நுரையை அலசி முடிப்பதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

அவன் வந்து நின்றால் எப்படியிருக்கும் என்று அன்றைக்கே நான்கு தடவை நினைத்துப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பெரிய வைராக்கியக்காரி என்று நீங்கள் தப்பாக நினைத்துக்கொள்வீர்கள்.

அன்று சாயங்காலம் அடுப்பில் பெரிய பானையில் தண்ணீர் காய்ச்சி, குவளையால் மொண்டு ஊற்றிக்கொண்டேன். இடுப்பு நனைவதற்குள் தோள் ஆறிப்போயிருந்தது. கீழ்வீட்டு சூல்மீரா அக்காவுக்கு என் குளியலறைக் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தத்தை வைத்தே எல்லாம் தெரிந்துவிடும். படியேறி வந்து கதவில் சாய்ந்துகொண்டு, மொண்டு குளிக்கிற வயசாடி உனக்கு என்று ஆரம்பித்தாள். ஜுராந்திரைக் கூப்பிடுவதில் என்ன குறைந்துவிடும், ஆம்பளை எங்கே படுத்தால் என்ன, கைவேலை கைவேலைதானே என்றாள். அவள் ஆலோசனைக்கு நன்றி சொல்லிக் கதவைக் கொஞ்சம் வேகமாகவே சாத்தினேன்.

இந்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் குளியலறையில் முக்காலி மேல். இன்னொருவர் மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில். எங்கள் பெட்டி வீட்டுக்கு வெளியே, பதினேழு படி இறங்கி, கேட்டை ஒட்டி இருக்கிறது. மேலிருந்து ஜன்னல் வழியாக “அணை” என்று ஒரு கத்தல். கீழே பிரேக்கரைத் தள்ளிவிட்டு “அணைச்சாச்சு” என்று பதில் கத்தல். பிறகு “போடு”. குளிர்கால ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவில் நடந்தால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து இந்தக் கத்தல் கேட்காமல் இருக்காது. எங்கள் வீட்டில் என் பங்கு பெட்டிதான். இருபத்தேழு வருஷம் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று அணைத்தும் போட்டும் இருக்கிறேன். அவன் மேலே என்ன செய்கிறான் என்று ஒருநாள்கூடப் போய்ப் பார்த்ததில்லை. எப்படிப் பார்ப்பேன், கீழேதானே நிற்கிறேன்.

சனிக்கிழமை நிவால்தோ அண்ணனின் மின்சாமான் கடைக்குப் போனேன். அவர் ஷவர் எந்த மாதிரி என்று கேட்டார், சொன்னேன். நூற்றிருபத்தேழு வோல்ட்டா, இருநூற்றிருபதா என்று கேட்டார், எங்கள் ஊர் வீடுகளில் இரண்டும் உண்டு. அதைக்கூட யோசிக்காதவள் என்று அவர் நினைத்துவிடக் கூடாதே. வீட்டில் மிக்ஸி, டிவி, இஸ்திரிப்பெட்டி எல்லாம் நூற்றிருபத்தேழுதான், ஆகவே நூற்றிருபத்தேழு என்று பட்டென்று சொன்னேன். வீட்டுக்கு வந்து, பிரேக்கரை அணைத்துவிட்டு மேலே ஏறி, ஷவர் தலையைத் திறந்தேன். பழைய காயில் கறுத்துச் சுருண்டு இரண்டாக அறுந்து கிடந்தது. புதியதை அதே இடத்தில் அழுத்தினேன், மூடினேன், கீழே ஓடிப் பிரேக்கரைத் தூக்கினேன், மேலே ஓடிவந்து குழாயைத் திறந்தேன். பளீரென்று ஒரு நீல வெளிச்சம். வீடு இருண்டது.

கருகின இரண்டு காயில்களையும் திங்கட்கிழமை அவர் மேசையில் வைத்தேன். சுவரிலிருந்து ஷவருக்கு வருகிற கம்பி எத்தனை, என்ன நிறம் என்று கேட்டார். ஒரு கறுப்பு, ஒரு சிவப்பு, ஒரு பச்சை என்றேன். நிவால்தோ அண்ணன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்க அவர் செய்கிற வேலை அது. என் புருஷன் ஷவருக்கு மட்டும் இரண்டு லைன் இழுத்து இருநூற்றிருபது ஆக்கி வைத்திருக்கிறான், நான் போய் அதில் பாதி வோல்ட் தாங்குகிற காயிலை மாட்டியிருக்கிறேன் என்று விளக்கினார். அதற்கப்புறம் அவர் கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜுராந்திரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார். இருநூற்றிருபதில் ஒன்று கொடுங்கள் என்றேன்.

இரண்டாவது காயிலுக்கு நான் நிறைய மரியாதை செய்தேன். கம்பினாஸ் நகரத்தில் இருக்கிற மகள் ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். அதை மூன்று தடவை பார்த்தேன். அதில் வருகிற பையன் கை போகிற வேகத்தில் ஒன்றும் புரியவில்லை, அவன் பச்சை குத்தியிருந்தது மட்டும் நன்றாகத் தெரிந்தது. ஷவரையே முழுசாகக் கழற்றி இறக்கினேன். சுவர்க் கம்பிகளோடு அதன் கம்பிகளை முறுக்கி டேப் சுற்றியிருந்தான் ஜுராந்திர், அதைப் பிரித்தேன். மேசையில் வைத்துத் துடைத்து, காயிலை மாட்டி, குழாய் மரையில் வெள்ளை டேப் சுற்றித் திரும்ப ஏற்றினேன். முதலில் அந்த டேப்பை எதிர்த்திசையில் சுற்றியதால், திருக ஆரம்பித்ததும் அது உருண்டு வெளியே வந்துவிட்டது. அவிழ்த்து மறுபடி சுற்றினேன். கம்பிகளை முறுக்கிக் கறுப்பு டேப் ஒட்டினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. ஷவர் தலையில் ‘கோடை’, ‘குளிர்காலம்’ என்று இருக்கிற விசையைக் குளிர்காலத்துக்குத் தள்ளினேன். கீழே போய்ப் பிரேக்கரைத் தூக்கினேன். மேலே வந்தேன். குழாயைத் திறந்தேன்.

‘டக்.’ பச்சைத்தண்ணீர்.

முக்காலியில் உட்கார்ந்து அழுதேன். காயிலுக்காக யாராவது அழுவார்களா என்று கேட்காதீர்கள். காயிலுக்காக ஆரம்பித்ததுதான், பிறகு அது பாட்டுக்கு எங்கெங்கோ போனது. அவன் போன அன்று அழவில்லை. அவன் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தபோது அழவில்லை. ஈரமான தரையில், பாவாடை நனைய, ஐம்பத்து நான்கு வயதில் அன்றைக்குத்தான் அழுதேன். ஃபோனை எடுத்து அவன் பெயர் வரைக்கும் போனேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிவால்தோ அண்ணன் கடைக்கு நடந்தேன்.

“தண்ணி ஓட விட்டியாம்மா?” என்று கேட்டார் அவர்.

“எப்போ?”

“கரண்ட் போடறதுக்கு முன்னால. பிரேக்கர் கீழ இருக்கும்போதே குழாயைத் தொறந்து, உள்ள தண்ணி ரொம்பணும். ஒரு நிமிஷம் ஓடணும். அப்புறம் மூடிட்டுத்தான் கரண்ட். இல்லேன்னா காயில் காத்துல சிவந்து பொசுங்கிடும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே.”

சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கடையிலேயே நின்றுகொண்டு யோசித்தேன். தெரியவில்லை என்றும் சொல்ல முடியாது. நான் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது, அவன் “போடு” என்று கத்துவதற்கு முன்னால், கழிவுக் குழாயில் ஒரு நிமிஷம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கும். பிறகு நிற்கும். பிறகுதான் கத்துவான். அவன் கை கழுவுகிறான் என்று இருபத்தேழு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். என்ன செய்கிறாய் என்று கீழேயிருந்து ஒரு தடவை கேட்டிருக்கலாம். அவனும் ஒரு தடவை சொல்லியிருக்கலாம். எங்களுக்குள் அப்படிக் கேட்காமலும் சொல்லாமலும் போனது இது ஒன்றுதானா என்று எண்ண ஆரம்பித்து, வழியிலேயே நிறுத்திக்கொண்டேன்.

மூன்றாவது காயிலைப் புதன்கிழமை மாட்டினேன். மாட்டிக்கொண்டிருந்தபோதுதான் சூல்மீரா அக்கா எனக்கு உபகாரம் செய்தாள். நான் முக்காலி மேல் நின்று, டேப் பிரிந்த கம்பி நுனிகளை நேராக்கிக்கொண்டிருந்தேன். ஏதோ தோன்றி, கையை எடுத்துவிட்டு டெஸ்டரை வைத்துப் பார்த்தேன். அதன் விளக்கு எரிந்தது. முக்காலியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. படியில் பாதி தூரத்தில் அவளே எதிரே வந்தாள்.

“பெட்டியில ஒரு சுவிட்ச் கீழ விழுந்து கெடந்துச்சுடி. நான்தான் தூக்கி விட்டேன்” என்றாள், பெருமையாக.

நான் அவளைத் திட்டவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். செத்திருந்தால் எப்போது தெரிந்திருக்கும் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை சமையலுக்கு வரவில்லையே என்று பள்ளிக்கூடத்திலிருந்து ஃபோன் செய்திருப்பார்கள். மகள் ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். அவ்வளவுதான் பட்டியல். சூல்மீரா அக்கா பயந்துபோய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்றைக்கு முழுக்க என்னைப் பார்க்கிற போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டாள். பெட்டிக் கதவுக்குப் பூட்டு வாங்கி மாட்டினேன்.

அன்று தண்ணீரை ஒரு நிமிஷமல்ல, ஐந்து நிமிஷம் ஓட விட்டேன். மூடினேன், இறங்கினேன், போட்டேன், ஏறினேன், திறந்தேன். முதலில் பச்சைத்தண்ணீர்தான் வந்தது. பிறகு கைக்கு இதமாக. பிறகு நிஜமான சூடு, ஆவி பறக்க. உடுத்தியிருந்த துணியோடு உள்ளே போய் நின்றேன்.

பத்து நிமிஷம் கழித்துக் கருகல் நாற்றம் அடித்தது. கம்பி முறுக்கினது தளர்வாக இருந்ததால் இணைப்பு சூடேறி, டேப் உருகி வழிந்துகொண்டிருந்தது. ஓடிப் போய் அணைத்தேன். இந்தத் தடவை அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மறுநாள் நிவால்தோ அண்ணன் வெள்ளைப் பீங்கான் கட்டை ஒன்றைக் கொடுத்தார். கம்பிகளை இரண்டு பக்கமும் செருகித் திருகினால் இரும்புப் பிடியாகப் பிடிக்கும், டேப்பே வேண்டாம் என்றார். ஜுராந்திர் ஏன் இதைப் போடவில்லை என்று கேட்டேன். டேப் போதும் என்பான், அவன் அப்படித்தான் என்றார். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கருகின நுனிகளை வெட்டி, புது நுனி சீவி, கட்டையில் செருகி, கை வலிக்கத் திருகினேன். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அரை மணி நேரம் தண்ணீர் ஓடியது. கட்டையைத் தொட்டால் சில்லென்றிருந்தது.

அன்றைக்கு மாதிரி நான் எப்போது குளித்தேன் என்று நினைவில்லை. முதுகு, கழுத்து, முட்டி எல்லாம் தனித்தனியாக நன்றி சொன்னது. வெளியே வந்து துண்டோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபோது, இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. மகளுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது.

சனிக்கிழமை ரொட்டிக்கடையிலிருந்து திரும்பிய சூல்மீரா அக்கா, கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். ஜுராந்திரைப் பார்த்தாளாம். நான் மூன்று காயில் வாங்கினது அவனுக்கு நிவால்தோ வழியாகத் தெரிந்துவிட்டதாம். மின்சாரத்தில் விளையாடிச் செத்துத் தொலையப்போகிறாள் என்று கவலைப்பட்டானாம். நாளைக்குப் பூசை முடிந்ததும் வந்து பார்க்கிறேன் என்றானாம்.

“சரியாப் போச்சுன்னு சொல்லலியா அக்கா?”

“நான் ஏண்டி சொல்லணும்? வரட்டுமே” என்று கண்ணைச் சிமிட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே எழுந்துவிட்டேன். தரை துடைத்தேன். சோளமாவுக் கேக் போட்டேன். அவனுக்காக இல்லை, ஞாயிற்றுக்கிழமை போடுவதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு பெட்டியில் அணைத்துப் பூட்டிவிட்டு மேலே வந்து, திருப்புளியோடு முக்காலியில் ஏறினேன்.

எதற்கு ஏறினேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். பீங்கான் கட்டையில் ஒரு திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். வந்ததும் காட்டலாம். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஏறுவான். ஒரு மணி நேரம் ஆகும். காபி ஆறும், மறுபடி சூடு பண்ணுவேன். வேலை செய்யும்போது நாக்கை ஓரமாகக் கடித்துக்கொள்வானே, அதைப் பார்க்கலாம். ‘பாவம்’ என்கிற அந்த முகத்தையும் பார்த்துத் தொலைக்கலாம், பரவாயில்லை. ஒன்பது மாதத்தில் நான் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறேன் என்று அந்த முக்காலி மேல் நிற்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. அவன் எனக்கு வேண்டியிருந்தான். காயிலுக்கு இல்லை.

திருப்புளியைத் திருகின் தலையில் வைத்தேன். கம்பிகள் இரண்டும் அளவாகச் சீவப்பட்டு, கட்டைக்குள் நேராகப் போயிருந்தன. வெளியே ஒரு இழை செம்புகூடத் தெரியவில்லை. என் வாழ்க்கையில் சோறும் கேக்கும் தவிர என் கையால் இவ்வளவு ஒழுங்காக நான் செய்த வேலை வேறு இல்லை. கெடுக்க மனசு வரவில்லை. அப்புறம் இறங்கினேன். பெட்டியைத் திறந்து கரண்ட் போட்டேன்.

பதினொரு மணிக்கு வந்தான். முடிக்குச் சாயம் அடித்திருந்தான், ஐவோனெத்தின் வேலை. கருவிப் பையை வலது தோளில் மாட்டியிருந்தான். கதவுக்கு வெளியிலேயே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்டான். அவன் தன் கையால் வர்ணம் பூசிய கதவு அது. வா என்றேன். சரியாகிவிட்டது என்று நான் சொல்லச் சொல்ல, எதற்கும் ஒரு பார்வை பார்க்கிறேன் என்று குளியலறைக்குள் போனான்.

நான் குளியலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயைத் திறந்து கையை நீட்டினான். சட்டென்று இழுத்துக்கொண்டான், அவ்வளவு சூடு. மூடிவிட்டு முக்காலியில் ஏறினான். மரையில் சொட்டுகிறதா என்று விரலால் தடவினான். சொட்டவில்லை. கட்டையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். ஒரு குறையாவது கண்டுபிடி, ஏதாவது ஒன்று, என்று நான் உள்ளுக்குள் அவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

“யார் போட்டது இந்தக் கட்டை?”

“நான்தான்.”

“நல்லா இருக்கு டால்வா. நான் போட்டதைவிட நல்லா இருக்கு.”

நான் எதிர்பார்த்த முகம் வரவில்லை. அவன் நிஜமாகவே சொன்னான். அந்தப் ‘பாவம்’ முகம் வந்திருந்தால்கூட ஒரு சண்டை போட்டிருக்கலாம். பையைத் திறக்காமலே மறுபடி தோளில் மாட்டிக்கொண்டான். காபி குடிக்கிறாயா என்று கேட்டேன். ஐவோனெத் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு அவள் அம்மா வருகிறாள், நேரமாகிவிட்டது என்றான். பிறகு படி இறங்கினான். நானும் கூட இறங்கினேன், கேட்டைத் திறந்துவிட வேண்டுமே.

கேட்டில் நின்று திரும்பினான். கொஞ்சம் தயங்கினான் என்றுதான் எனக்குப் பட்டது.

“வேற ஏதாவது ரிப்பேர் இருக்கா?”

நான் நின்ற இடத்திலிருந்தே வீடு முழுக்க மனசால் ஓடித் தேடினேன். சமையலறைக் குழாய், கேஸ் டியூப், பின்கதவுத் தாழ்ப்பாள், ஜன்னல் கொக்கி, இஸ்திரிப்பெட்டி ஒயர். ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். எதுவும் கெட்டுப்போயிருக்கவில்லை.

“இல்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்றேன்.

“சரி, பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டு, பையைச் சரிசெய்துகொண்டு, அவன் இறக்கத்தில் நடந்து போனான்.